பேட்டரி 5 வருடத்தில் செத்துவிடாது

"மின்சார கார் பேட்டரி 5 வருடம்தான் தாங்கும், அப்புறம் இன்னொரு கார் வாங்கும் செலவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு. கெடு முடிந்த மறுநாளே வண்டி நின்றுவிடாது. ஒரு சார்ஜில் ஓடும் தூரம் மெல்லக் குறையும், அவ்வளவுதான். செல்போன் பேட்டரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலான கார் பேட்டரிகளுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தத் தனி ஏற்பாடே இருக்கிறது.

தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 6, 7 யூனிட் மின்சாரம் போதும். சாதாரண பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் தயார்.

5 வருடம்தான் என்று எழுதியவர் தொடாத சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர் பொது வேக சார்ஜரையே நம்ப வேண்டும். அங்கே யூனிட் விலை வீட்டைவிடப் பெரும்பாலும் மிக அதிகம். பெட்ரோலோடு ஒப்பிட்டால் கிடைக்கும் மிச்சம் அதனால் குறையும். அப்படிப்பட்டவர் யோசித்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது.