பால்கனுக்கு உபதேசம், லித்தியத்துக்கு விதிவிலக்கா?

சென்ற வாரக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காணொளியின் கீழே நம்மவர்களே, "விருந்தாளியிடம் அப்படியா கேட்பது?" என்று என்னைக் கண்டித்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் பால்கன் நாடுகள் சுற்றுச்சூழல் சட்டங்களை எவ்வளவு ஆர்வத்தோடு ஏற்கின்றன என்று அந்தக் கூட்டத்துக்கு வந்த ஐரோப்பியத் தூதரக அதிகாரி தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில், நமக்குப் பாடம் நடத்தினார். செர்பியாவின் யாதார் பள்ளத்தாக்கு என்ன ஆயிற்று என்று மட்டுமே நான் கேட்டேன். அது இன்றைய தலைப்பு அல்ல என்று அவர் சிரித்தார். அரங்கமும் கூடச் சிரித்தது.

அதுதான் ஐயா, தலைப்பே. ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு, சேர்க்கைப் பேச்சுவார்த்தையில் சுற்றுச்சூழலுக்கான 27ஆம் அத்தியாயத்தின்படி காற்று, நீர், கழிவு, காடு பற்றிய ஒன்றியச் சட்டங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டும். ஒன்றியத்தின் தூதர்கள் அந்நாட்டு அமைச்சர்களிடம் நினைவூட்டுவார்கள், நிதி தருவார்கள், ஆண்டுதோறும் அறிக்கையில் மதிப்பிடுவார்கள். யாதாரில் மின்கலங்களுக்கான லித்தியம் தோண்டுவதை மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்ததால் 2022 ஜனவரியில் செர்பிய அரசே அனுமதிகளை ரத்து செய்தது. 2024 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றதும், சில நாள்களுக்குள் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஷோல்ஸ் பெல்கிரேடில் இருக்க, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் ஷெஃப்சோவிச் செர்பியாவுடன் மூலப்பொருள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் அதே நகரத்தில் பல்லாயிரம் பேர் திரண்டும் பயனில்லை. 2025இல் ஆணையம் யாதாரைத் தன் முக்கியத் திட்டங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

தூதர்கள் அழுத்தாவிட்டால் அந்த அரசுகள் ஒரு புகைபோக்கியையாவது திருத்துமா என்று கேட்பீர்கள். திருத்தாமல் இருக்கலாம், 2018 முதல் நடைமுறைக்கு வந்த உமிழ்வு வரம்புகளை அங்குள்ள பழைய நிலக்கரி ஆலைகள் பல மீறியே வந்தன. அழுத்தம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அழுத்துகிறவருக்கும் அந்த விதி பொருந்த வேண்டும் என்கிறேன். தங்களுக்கு மின்கலம் தேவைப்பட்டதும் மக்களின் எதிர்ப்பு காதில் விழாமல் போய்விடுமா?

டர்பன்காரனுக்கு செர்பியா எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டர்பனின் மியர்பேங்க் பகுதியில் எண்ணெய் ஆலைப் புகையில் வளர்ந்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? காற்று திசை மாறினால் ஆயா நள்ளிரவிலும் எழுந்து ஜன்னல்களைச் சாத்துவார். ஒருமுறை வண்ண வரைபடங்களோடு வந்த அதிகாரியிடம், "உங்கள் வீட்டருகே இதை இப்படி நடத்துவீர்களா?" என்று அவர் தமிழிலேயே கேட்டார். அந்த அதிகாரியும் சிரிக்கத்தான் செய்தார்.

மேலும், இது நமக்கு அந்நியக் கதையும் அல்ல. நிலக்கரியைக் கைவிட 850 கோடி டாலர் தருவதாக ஐரோப்பியரும் பிரிட்டனும் அமெரிக்காவும் 2021இல் கிளாஸ்கோவில் நமக்கு வாக்களித்தனர். மறு ஆண்டே ரஷ்ய நிலக்கரியைத் தடை செய்த ஐரோப்பா, ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து நம் நிலக்கரியைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது. 2026 முதல் நம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அவர்கள் எல்லையில் கரிமக் கட்டணம், அதாவது அவற்றைத் தயாரிக்கும்போது வெளியாகும் கரிம வாயுவுக்கான கட்டணம். செர்பியாவுக்காவது உறுப்புரிமை என்ற ஆசை காட்டுகிறார்கள். நமக்கு அதுவும் இல்லை, உபதேசம் மட்டுமே. மரியாதை தெரியாதவன் என்று என்னைத் திட்டியவர்கள், அந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் மேசையில் மியர்பேங்கிலிருந்து யாருக்காவது நாற்காலி உண்டா என்று அந்த விருந்தாளியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.