வாழைப்பழத்தின் செரடோனின் மூளைக்குள் நுழைவதில்லை

நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரடோனின், டோபமைன் என்னும் வேதிப்பொருள்கள் வாழைப்பழத்தில் இருப்பதால், நாள்தோறும் நான்கு பழம் உண்டால் அவை மூளையை அடைந்து மனச்சோர்வைத் தீர்க்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றொரு செய்தி ரங்கூன் தமிழ்க் குடும்பங்களின் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. அதன் கடைசி வரி என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. மருத்துவரைக் கேளாமல் அத்தகைய மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

பழத்தில் அவ்விரு பொருள்களும் இருப்பது மெய்தான். ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அவை கடப்பதில்லை. மூளைத்தண்டின் ராஃபே பகுதியிலுள்ள நரம்பணுக்கள், உணவுப் புரதத்திலிருந்து வரும் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தை உள்வாங்கி, ஒரு நொதியால் அதில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து, மற்றொரு நொதியால் கார்பாக்சில் தொகுதியை நீக்கி, செரடோனினைத் தாமே உருவாக்குகின்றன. டிரிப்டோபானை மிகுதியாக உண்டாலும், அதே வாயிலில் வேறு பல அமினோ அமிலங்கள் போட்டியிடுவதால் எல்லாம் உள்ளே போய்விடாது.

டோபமைனும் இவ்வாறே டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, டோபா என்னும் இடைப்பொருள் வழியாகப் பிறக்கிறது. மெதுவான முதற்படியே உற்பத்தியின் அளவை முடிவு செய்கிறது. மூளைத்தண்டின் லோகஸ் செருலியஸ் பகுதியிலுள்ள நரம்பணுக்களில் இன்னொரு நொதியும் இருப்பதால், அங்கே டோபமைன் நோர்அட்ரினலின் என்னும் வேறொரு செய்தி கடத்தும் பொருளாக மாறுகிறது.

மூளையின் டோபமைன் இருப்பைக் குறைக்கும் ரெசர்பின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டு அசைவிழந்த விலங்குகள், டோபா செலுத்தியதும் மீண்டும் இயங்குவதை 1957இல் சுவீடனின் அறிவியலாளர் அர்விட் கார்ல்சன் காட்டினார். டோபா அந்தத் தடுப்பைக் கடக்கும், டோபமைன் கடக்காது என்பதால்தான் மூளையில் டோபமைன் குறைந்துபோகும் பார்கின்சன் நோயாளிகளுக்கு இன்றும் டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபா தரப்படுகிறது.