நான்காம் இடத்துக்கு ஒரு மைலோ டின்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்பு பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் விளக்கு மினுங்க நிற்கும். ஊர் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று அரசாங்கம் பெயர் மாற்றி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. என் தாத்தா ஏறக்குறைய இதே நேரத்தில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கைகட்டி நின்றவர். "அவர் வயிற்றுக்காக எழுந்தார், நீ கொழுப்பெடுத்து எழுகிறாய்" என்பார் அம்மா. பதில் சொல்ல எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை.

நான் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. வயது 46. பதினோரு ஆண்டுகளாகச் சாலைப் பந்தயங்களில் ஓட்டுகிறேன், ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. மூத்தோர் பிரிவில் ஒருமுறை நான்காவதாக வந்தேன். மேடை மூன்று பேருக்கு மட்டும். நான்காமவனுக்கு ஒரு மைலோ டின், ஒரு துண்டு. அந்த டின்னை ஒரு மாதம் யாரையும் திறக்கவிடாமல் அலமாரியில் வைத்திருந்தேன். பரீட்சை நேரத்தில் மகள் திறந்துவிட்டாள்.

பெரும்பாலான பந்தயங்களில் என் கதை இதைவிடச் சுருக்கம். முதல் அறுபது கிலோமீட்டர் கூட்டத்தோடு போவேன். ஏதோ ஒரு பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் இருப்பவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு சைக்கிள் இடைவெளி விழும். அது இரண்டாகும், ஐந்தாகும். கழன்றுவிட்டேன் என்று அப்போது புரியும். மிச்ச ஐம்பது கிலோமீட்டருக்குப் பாமாயில் தரும் செம்பனை மரங்களும் நானும் எதிர்க்காற்றும்தான். முடிவுக்கோட்டுக்கு வந்து சேரும்போது கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

காற்று என்று சும்மா சொல்லவில்லை. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நாம் மிதிப்பதில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒரு முழ இடைவெளியில் ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். ஆகவே இந்த விளையாட்டில் யாராவது ஒருவர் முன்னால் நின்று காற்றை உடைக்க வேண்டும். 2010இல் லங்காவி சுற்றுப் பந்தயத்தின் ஒரு கட்டத்தை அனுவார் மனான் வென்றார். அப்படி வென்ற முதல் மலேசியர் அவர். காப்பிக்கடையில் அவரைத் தெரியும். அன்றைக்கு அவருக்காகக் காற்றை உடைத்தவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் குழுவில் காற்றை உடைப்பவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார்; நடைக்கு இவ்வளவு என்று கூலி. லோரி ஓடாத நாளில் வருமானம் கிடையாது. என்னை அவர் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை, "கிராணி"தான். கோலகுபு பாருவிலிருந்து அணையைத் தாண்டி புக்கிட் ஃபிரேசருக்கு என்னை முதன்முதலில் ஏற்றிச் சென்றவர் அவர். 1951இல் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்ட அதே பாதை. கேப் சந்திப்பைத் தாண்டி கடைசி எட்டுக் கிலோமீட்டரில் நான் இறங்கித் தள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, அவர் முன்னால் போய்க்கொண்டே ஒவ்வொரு வளைவிலும், "அடுத்த வளைவில் தட்டையாகிவிடும்" என்றார். ஒரு வளைவிலும் தட்டையாகவில்லை. மேலே போய்த் தேநீர் குடித்தபோது மூடுபனியில் எங்கள் சட்டையிலிருந்து ஆவி பறந்தது. என் வாழ்க்கையில் அதற்கு நிகரான தேநீர் இல்லை. என் கல்யாணத்தில் குடித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி, எழுத வந்த விஷயம்.

சென்ற ஆண்டு ஒரு பந்தயத்தில் அண்ணன் விழுந்தார். விழவைத்தவன் நான். முந்தைய இரவு மழை. ஏதோ ஒரு லோரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்கள் சாலையில் நசுங்கிக் கிடந்தன. ஈரத்தோடு அந்த எண்ணெய் சேர்ந்தால் சோப்பு தடவிய மாதிரி. அதை ஒதுக்க நான் இடப்பக்கம் ஒடித்தேன். என் முன்சக்கரம் முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் உரசியது. முன்னால் போனவர் தப்பித்துக்கொள்வார், பின்னால் இருப்பவன்தான் விழுவான். நான் விழுந்தேன். எனக்குப் பின்னால் வந்த அண்ணன் என் மேல் ஏறி அந்தப் பக்கம் போய் விழுந்தார். எனக்கு முழங்கை சிராய்ப்பு. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஒரே ஆம்புலன்ஸ், அதுவும் முடிவுக்கோட்டில் நின்றது. வந்து சேர நாற்பது நிமிடம். சாலை ஓரத்தில் கையை மார்போடு அணைத்து உட்கார்ந்தபடி அண்ணன் சொன்னார்: "கிராணி, அந்தப் பழம் என் லோரியில் இருந்து விழுந்ததாகக்கூட இருக்கலாம்."

நான் மறுநாள் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை. அவர் இரண்டரை மாதம் லோரி ஏறவில்லை. அதே சாலை, அதே பழம். எனக்கு அது காப்பிக்கடையில் சொல்லும் கதை. அவருக்கு அது வீட்டு வாடகை. அமெச்சூர் விளையாட்டில் எல்லாரும் சமம் என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும்.

ஏற்பாட்டாளர்களைக் கேட்டேன். பதிவுப் படிவத்தைக் காட்டினார்கள். எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று கீழே கையெழுத்து, எங்கள் எல்லாருடையதும். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் சுவரொட்டியில் பரிசுத் தொகையைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்களுக்கு, ஆம்புலன்ஸ் எத்தனை, காப்புறுதி எவ்வளவு என்று அதன் பக்கத்தில் ஒரு வரி போட மட்டும் இடம் இல்லையா? 2003இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்திரே கிவிலெவ் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் அனைத்துலகச் சைக்கிள் சங்கம் தொழில்முறை வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்ப் பந்தயங்களும் ஓர் ஆள் போகட்டும் என்று காத்திருக்கின்றனவா? அந்த வரி இல்லாத பந்தயத்துக்கு நான் பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இதைச் சொன்னதற்கு இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், ஒருவர் குழுவை விட்டே வெளியேறினார்.

அண்ணனிடம் பணம் கொடுத்துப் பார்த்தேன், வாங்கவில்லை. "விளையாட்டில் கணக்குப் பார்க்கிறாயா?" என்றார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் மனைவி, அக்காவிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறையை வாங்கினார், பிரித்துப் பார்க்காமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார், காப்பி கலக்க அடுப்படிக்குப் போனார். சைக்கிள் வழக்கமாகத் தொங்கும் சுவரில் வெறும் கொக்கி இருந்தது. யாருக்கு விற்றார் என்று நான் கேட்கவில்லை.

எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது. இப்போது லோரி ஓட்டுகிறார். போன ஞாயிறு ஆலை வாசலில் குலை லோரிகள் வரிசையாக நின்றன, மூன்றாவது அவருடையது. எங்களைப் பார்த்ததும் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மற்றவர்கள் கையை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை விட்டு இப்போதெல்லாம் என் கண் நகருவதில்லை.