அது காதல் தோல்விப் பாட்டு இல்லை

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்றதும் பெரும்பாலோர் காதில் ஒலிப்பது விட்னி ஹூஸ்டனின் குரல்தான். 1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்தோடு வந்து அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தை விட்டு நகராத பாட்டு. அந்தக் குரலை யாரால் குறை சொல்ல முடியும்? ஆனாலும் இதை எழுதிய அமெரிக்க கன்ட்ரி (கிராமிய இசை) பாடகி டாலி பார்ட்டன் பாடிய மூலப்பாட்டைத்தான் ஒரு படி மேலே வைப்பேன்.

பாட்டு பிறந்த கதை அப்படி. 1967இல் கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார் டாலி. அவரை நாடறியச் செய்ததே அந்த நிகழ்ச்சிதான். சில ஆண்டுகளில் தனியாகப் போக ஆசைப்பட்டார். போர்ட்டர் விடுவதாயில்லை. எடுத்ததற்கெல்லாம் சண்டை. வாயால் சொன்னால் கேட்காத மனுஷனுக்கு 1973இல் பாட்டாக எழுதி, நேரிலேயே போய்ப் பாடிக் காட்டினார். போர்ட்டர் அழுதுவிட்டார். இந்தப் பாட்டை நான் தயாரிக்க விட்டால் நீ போகலாம் என்றார். 1974இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

வளர்த்துவிட்டவரிடம் கோபமில்லாமல் விடைபெறுவது எவ்வளவு கஷ்டம் என்பது, அப்படி ஓர் இடத்தை விட்டு வந்த எவருக்கும் தெரியும். மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டில் டாலி அதைச் செய்கிறார். கடைசிப் பத்தியைக் கவனித்துக் கேளுங்கள். அங்கே அவர் பாடுவதில்லை, பேசுகிறார். உங்கள் வாழ்க்கை நன்றாக இருக்கட்டும், நினைத்ததெல்லாம் கிடைக்கட்டும் என்று, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. குரல் லேசாகத் தழுதழுக்கிறது, உடையவில்லை. எனக்கு உயிரே அந்த இடம்தான்.

விட்னியின் பதிவைத் தயாரித்த டேவிட் ஃபாஸ்டர் முன்மாதிரியாக வைத்திருந்தது பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் 1975 பதிவை. அதில் இந்தப் பத்தியே கிடையாது. இன்னொரு பத்தி இருக்கிறது என்று டாலிதான் அவருக்குச் சொன்னார். விட்னி அதை அழகாகவே பாடுகிறார். ஆனால் பத்தி முடிந்ததும் ஒரு மௌனம், டிரம்மில் ஓர் அடி, சுருதி மேலே ஏறுகிறது. அவ்வளவுதான், வாழ்த்து மறந்துபோய் பிரிவின் வலி மட்டும் நிற்கிறது. பக்கவாத்தியமே இல்லாமல் அவர் தொடங்கும் அந்த முதல் முக்கால் நிமிடம் மட்டும் டாலியின் பாட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அதை நான் எத்தனை முறையும் கேட்பேன்.

எல்விஸ் பிரெஸ்லியும் இதைப் பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதியைக் கொடுத்தால்தான் ஆச்சு என்றார் அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர். எல்விஸ் என்றால் யார்தான் மறுப்பார்கள்? டாலி மறுத்தார். அன்று இரவெல்லாம் அழுததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தால்தான் விட்னியின் பதிவு வந்தபோது எழுதியவருக்குச் சேர வேண்டிய பணம் முழுசாக டாலிக்கே வந்தது. அதில் ஒரு பங்கை வைத்து நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு கட்டட வளாகம் வாங்கியதாகவும், விட்னியை நினைத்தே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும் 2021இல் அவரே சொன்னார். எது பெரிய பாட்டு என்று நாம்தான் அடித்துக்கொள்கிறோம். டாலி ஒருநாளும் விட்னியை விட்டுக்கொடுத்ததில்லை.