குளம் என்ன உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியா?

போன ஞாயித்துக்கிழமையிலேருந்து வயித்தெரிச்சலை அடக்கி வச்சிருக்கேன். இன்னிக்கு இங்கே கொட்டிடறேன், பொறுத்துக்குங்க.

லண்டன்ல எங்க வீட்டுக்கிட்ட ஒரு பார்க், நடுவுல குளம். வாத்துங்க, நாமக்கோழிங்க, ஒரு ஜோடி அன்னம். இந்த வருஷம் அன்னத்துக்கு நாலு குஞ்சு. என் பொண்ணு சனிக்கிழமை ராத்திரியே ஃப்ரீசர்லேருந்து ஒரு கிண்ணம் பட்டாணி எடுத்து வெளியில வச்சுடுவா. ஐஸ் முழுசா விட்டாத்தான் குஞ்சுக்குப் போடலாமாம். ஏழு வயசுப் பொண்ணுக்கு இருக்கிற இந்த அக்கறை, அறுபது வயசுக்காரருக்கு இருந்திருந்தா நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

ஒரு பெரியவர், நம்மூர்க்காரர்தான், கடைப்பை நிறைய பிரெட்டோட வந்தார். ஓரமெல்லாம் பச்சைப் பசேல்னு பூசணம். பையைத் தலைகீழாப் பிடிச்சு மொத்தமாக் கொட்டினார்.

"அங்கிள், பூசணம் பிடிச்சிருக்கு பாருங்க"ன்னேன்.

"அதுக்கென்னம்மா, வாத்துதானே? தூக்கிப் போட்டா பாவம், இதுங்களுக்குப் போட்டா புண்ணியம்."

புண்ணியமாம்! நம்ம பாட்டி காக்காய்க்குச் சோறு வச்சது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. உலையிலேருந்து இறக்கின சோத்துல முதல் பிடி. கோயில் குளத்து மீனுக்குப் பொரி வாங்கினாலும் கடையில புதுசா வாங்கித்தான் போட்டோம். நாம வாயில வைக்க மாட்டோம்னு ஒதுக்கினதை இன்னொரு உயிர் வாயில திணிக்கறதுக்கு எப்போலேருந்து புண்ணியம்னு பேர் வச்சாங்க? பூசணத்துல சில வகை பறவையோட நுரையீரலுக்குள்ள போய் வளரலாம். மூச்சு விட முடியாம சாகும். இதைச் சொன்னா, "இத்தனை வருஷமாப் போடறேன், ஒண்ணு கூட சாகலையே"ங்கறார். சாகறது உங்க வீட்டு வாசல்ல வந்தா சாகும் அங்கிள்? நாணல் புதருக்குள்ள போய்க் கிடக்கும்.

கொட்டினதுல பாதியை வாத்துங்க தொடக்கூட இல்லை. மிச்சம் ஊறி, அடியில போய் அழுகும். வெயில் காலத்துல தண்ணி பச்சைப்பாசியா மாறும், நாத்தம் குடலைப் புடுங்கும். சூடான, தேங்கின, அழுகின தண்ணியில பாட்டுலிசம்ங்கிற நோயைக் கொடுக்கிற கிருமி பெருகிச்சுன்னா வாத்துங்க கழுத்தைத் தூக்க முடியாம வாதம் வந்து மூழ்கிச் சாகும். ராத்திரியானா கரையில எலி ஊர்வலம் வேற.

ஆனா எனக்கு இன்னொரு பக்கமும் எரிச்சல். பிரெட்டே விஷம்னு கத்தற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஒரு துண்டு போட்டா குழந்தையைக் கூட முறைப்பாங்க. அதனால பயந்து எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டதுல அன்னங்க பசியோட அலையுதுன்னு, 2018-ல தேம்ஸ் அன்னங்களைக் கணக்கெடுக்கிற அரண்மனை அதிகாரியே பிரெட் போடலாம்னு அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. சிறகோட கடைசி மூட்டு வெளிப்பக்கமா முறுக்கிக்குமே, 'ஏஞ்சல் விங்', அதுக்கு பிரெட்தான் காரணம்னு நிரூபணம் இல்லைன்னும் அதுல சொன்னாங்க. விஷயம் ரொம்பச் சின்னதுங்க. பூசணமில்லாத பிரெட் கொஞ்சமாப் போட்டா ஒண்ணும் ஆகாது. அது வயித்தை அடைக்கும், சத்து கிடையாது, அவ்வளவுதான். பட்டாணி, ஸ்வீட் கார்ன், ஓட்ஸ், பொடியா நறுக்கின லெட்டூஸ் இதெல்லாம் போடுங்கன்னு இந்த ஊர் கால்வாய்களைப் பார்த்துக்கிற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டே சொல்லுது. வெறும் சோறும் போடலாம். அன்னத்துக்கு அன்னம், பொருத்தமாத்தானே இருக்கு? ஆனா வெறும் சோறு! நேத்து மிஞ்சின புளியோதரை இல்லை.

ஏன்னா அதையும் பார்த்துட்டேன். புளியோதரை, மிக்சர், உப்பும் வினிகரும் தெளிச்ச சிப்ஸ். இத்தனை உப்பு அந்த உடம்பு தாங்குமான்னு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவைன்னு நாமதான் கதை கட்டினோம். அதுக்காக சிப்ஸ்லேருந்து உப்பைப் பிரிச்சுத் தின்னுமா?

போடற இடத்திலயும் கொடுமை. போட்டோ எடுக்கணும்னு கரைக்கு வரவழைச்சு ஊட்டறாங்க. பத்து கிலோ எடையுள்ள அன்னம் நடைபாதையில ஏறிடுச்சுன்னா நாய், சைக்கிள் எல்லாத்துக்கும் நடுவுல மாட்டும். நாம போடறதைத் தண்ணியோட சேர்த்து விழுங்கறதுதான் அதுக்குச் சுலபம். தண்ணியில போட்டாத்தான் என்ன, கை வலிக்குதா?

தூண்டில்ல கட்டற ஈயக்குண்டைத் தின்னு அன்னங்க செத்தப்போ, 1987-ல சட்டம் போட்டு ஈயத்தை நிறுத்தினாங்க. கடைப்பையோட வர்ற அங்கிளை எந்தச் சட்டத்துல நிறுத்தறது?

என் பொண்ணு அன்னிக்குப் பட்டாணியை ஒவ்வொண்ணா வீசினா. ஒரு வாத்து கூடத் திரும்பலை, மொத்தக் கூட்டமும் பிரெட் பக்கம். கடைசியா ஒரு குஞ்சு வந்து நாலு பட்டாணி தின்னுச்சு. அதுக்கே அவ முகம் மலர்ந்துடுச்சு. தாய் அன்னம் சீறிக்கிட்டு வந்ததும் ரெண்டு பேரும் ஓடி வந்துட்டோம்.

இன்னிக்கும் கிளம்பலாம்னு ஃப்ரீசரைத் திறந்தா பாக்கெட்டைக் காணோம். வீட்டுக்காரர் குருமாவுல போட்டுட்டாராம். ஏன்னு கேட்டா, "வாத்துக்குத்தான் பழைய பிரெட் இருக்கே"ங்கறார்.