எது உண்மை என்று கடைசிவரை சொல்லவே மாட்டீர்களா?

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு டிவிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிப்போன பெட்டிக்குள் ஓடிய எழுத்துகளை, ஃபோன் கேமராவில் பெரிதாக்கி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அம்மா கேட்ட ஒரு கேள்வியால் வந்தது.

எட்டு எபிசோட் க்ரைம் தொடர். முதல் காட்சிக்கு முன்பே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது.’ எட்டு தடவையும் வந்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு பின்னணி இசை, தும்தும் என்று. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மேலதிகாரியிடம் திட்டு வாங்கி, வீட்டில் புருஷனிடம் சண்டை போட்டு, தூங்காமல் அலைந்து, கடைசியில் கொலைகாரனைப் பிடிக்கிறாள். ஐந்தாவது எபிசோடில் அம்மா அழுதே விட்டார். “நெசமாவே இவ்ளோ கஷ்டப்பட்டாளாடா அந்தப் பொண்ணு?”

தெரியவில்லை. சரி, முடிவில் எழுத்து போடுவார்களே, பார்க்கலாம் என்றேன்.

முடிவில் எழுத்து போட்டார்கள். போட்ட அதே வினாடியில் திரை சுருங்கி ஓரத்துக்குப் போனது. நடுவில் வேறு ஏதோ சமையல் போட்டி: ‘5 நொடிகளில் தொடங்கும்’, 4, 3... ரிமோட்டைத் தேடி எடுத்து, பதற்றத்தில் தப்பான பட்டனை அழுத்தி, சமையல் போட்டிக்குள் விழுந்து, திரும்பி வந்தால் எபிசோட் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மறுபடி ஓட்டி, மறுபடி தவறவிட்டு, மூன்றாவது தடவைதான் நிறுத்த முடிந்தது. அதில் இருந்தது இதுதான்: நாடகத் தேவைக்காகச் சில சம்பவங்கள், உரையாடல்கள், பாத்திரங்கள் கற்பனை செய்யப்பட்டுள்ளன, சில பாத்திரங்கள் பலரை இணைத்து உருவாக்கப்பட்டவை.

எந்தச் சில? அதைச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

அப்புறம் தூக்கம் எங்கே வரும். அந்த வழக்கைப் பற்றி வந்த பழைய செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். அந்தப் பெண் இன்ஸ்பெக்டர் இல்லவே இல்லை. விசாரித்தது ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. புருஷன் சண்டை, தூக்கமில்லாத ராத்திரி, அம்மாவின் கண்ணீர் எல்லாமே எழுத்தாளர் அறையில் தயாரானவை.

கற்பனை செய்வதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. பல வருட வழக்கை எட்டு மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டுமென்றால் நாலு பேரை ஒரு பேராக்கித்தான் ஆகவேண்டும். நிஜமான விசாரணையில் பாதி நாள் ஃபோன் அழைப்புப் பட்டியலைப் பார்ப்பதும், தடயவியல் அறிக்கைக்குக் காத்திருப்பதும்தான். அதை அப்படியே எடுத்தால் நானே பார்க்க மாட்டேன். என் கோபம் வேறு. கதை இழுக்கிறதே என்று கேட்டால் ‘நடந்தது அப்படித்தான்’ என்கிறார்கள். அப்படி நடக்கவில்லையே என்று கேட்டால் ‘இது ஆவணப்படம் இல்லை, நாடகம்’ என்கிறார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மீசையில் ஒட்டிய கூழை நாம் ராத்திரி ஒன்றரை மணிக்குத் துடைக்க வேண்டும்.

1996-ல் வந்த ‘ஃபார்கோ’ படம், இது 1987-ல் மின்னசோட்டாவில் நடந்த உண்மைக் கதை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட முழுக்கப் புளுகு. ஆனால் அதில் யார் தலையும் உருளவில்லை. இல்லாத ஆட்களைப் பற்றிய புளுகு, விளையாட்டு என்று விட்டுவிடலாம். இருக்கிற ஆட்களை வைத்து விளையாடும்போதுதான் வயிறு எரிகிறது.

2022-ல் வந்த டாமர் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு பேரைக் கொன்றவனின் கதை. அதில் கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி நீதிமன்றத்தில் வெடித்துக் கதறுகிற காட்சி உண்டு. 1992-ல் நிஜமாகவே நடந்தது. உடை, தலைமுடி, வார்த்தை எல்லாம் அச்சு அசல். தொடர் வந்தபோது அந்தப் பெண்மணி உயிரோடுதான் இருந்தார். அவரை யாரும் கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை என்று அவரே சொன்னார். அவர் சொல்வதுபடி பார்த்தால், இறந்தவனின் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை, ஆனால் அந்தச் சகோதரி போட்டிருந்த சட்டையின் டிசைனைக் கண்டுபிடிக்க நேரம் இருந்திருக்கிறது. கொலைகாரனாக நடித்தவருக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. நன்றாகத்தான் நடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதினேழு பேரில் ஒருவர் பெயரையாவது யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். என்னாலும் முடியாது. பார்த்து முடித்த எனக்கே.

2024-ல் ‘பேபி ரெய்ண்டீர்’ தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவனை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. ‘அடிப்படையாகக் கொண்டது’ என்ற வாலைக்கூட நறுக்கிவிட்டு, ‘இது ஓர் உண்மைக் கதை’ என்று போட்டது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சில நாட்களிலேயே, நிஜத்தில் அந்தப் பெண் இவர்தான் என்று ஒருவரைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். தொடரில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறாள். நான் எந்த வழக்கிலும் தண்டிக்கப்பட்டதே இல்லை என்று சொல்லி அவர் கோர்ட்டுக்குப் போனார். அவர் நல்லவரா கெட்டவரா என்பது என் கவலை இல்லை. போகாத சிறைக்கு ஒருவரை அனுப்பிவிட்டு அதற்கு மேலே ‘உண்மை’ என்று சீல் குத்தினால் அதற்கு என்ன பெயர்?

இப்படியெல்லாம் திட்டுகிறவன் ஏன் விடாமல் பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். இந்த வகையில் ஒழுங்காக எடுத்தது ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை, அதனால்தான்.

2019-ல் வந்த ‘வென் தே சீ அஸ்’ நாலே எபிசோட். 1989-ல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஓட்டப் பயிற்சிக்குப் போன பெண் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையான ஐந்து பையன்களை உள்ளே தள்ளிய கதை. அந்த விசாரணை அறைக் காட்சிகளைப் பாருங்கள். பெரிதாக அடி உதை இல்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, ‘உன் கூட்டாளி உன்னைச் சொல்லிவிட்டான், நீயும் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்’ என்ற ஒரே பேச்சு, திரும்பத் திரும்ப. செய்யாத குற்றத்தை ஒருவன் எப்படி ஒப்புக்கொள்வான் என்று சட்டமாய்ப் பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பையன் வீட்டுக்குப் போகும் ஆசையில் வாயில் வந்ததைச் சொல்வதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அதில் ஒருவன் போலீஸ் தேடிய பட்டியலிலேயே கிடையாது. நண்பனுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போனவன். பெரியவர்கள் சிறையில் பல வருடம் கிடந்தான். 2002-ல் வேறொருவன் ஒப்புக்கொண்டு, மரபணுவும் அவனோடு பொருந்திய பிறகுதான் ஐந்து பேரின் தண்டனையும் ரத்தானது. இதே விஷயத்தைப் பத்திரிகையில் பத்து வரியாகப் படித்திருந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

ஆனால் அதிலும் அதே நோய். அந்த வழக்கில் இருந்த முன்னாள் அரசு வழக்கறிஞர் லிண்டா ஃபேர்ஸ்டைனை, அவர் பேசாததையும் செய்யாததையும் செய்ததாகக் காட்டிவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். அவர்மேல் எனக்கு ஒரு அனுதாபமும் கிடையாது. ஆனால் அந்த வழக்கு 2024-ல் எப்படிச் சமரசமானது தெரியுமா? நெட்ஃபிளிக்ஸ் பத்து லட்சம் டாலரை, தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக உழைக்கும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தது. கூடவே, கடைசியில் கிடந்த ‘சில பாத்திரங்கள், உரையாடல்கள் கற்பனை’ என்ற அறிவிப்பைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்த நாலு வருட வழக்கு! அந்த வாக்கியம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம் என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கடைசியில் வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் துப்புத் துலங்காமலே போன தொடர் கொலைகளைப் பற்றிய ‘சோடியாக்’ படமும் இப்படித்தான். எனக்கு உயிரான படம், நாலு தடவை பார்த்தாயிற்று. கடைசி வரைக்கும் ஒரு மனிதரை நோக்கியே நம் விரலைப் பிடித்துக் கூட்டிப்போகும். அவர்மேல் அந்தக் கொலைகளுக்காக ஒருபோதும் வழக்குப் பதியவில்லை, 1992-லேயே இறந்துவிட்டார். கொலைகாரன் அனுப்பிய பழைய கடித உறையில் கிடைத்த மரபணு அவருடையதோடு பொருந்தவில்லை என்பது எங்கே வருகிறது? கடைசியில் ஓடும் எழுத்துகளில். இரண்டரை மணி நேரம் காட்சிக்கு, மூன்று வரி மறுப்புக்கு. அதையும் இன்றைக்கு ஓடிடியில் பார்த்தால் தீப்பெட்டிக்குள்.

‘விசாரணை’ படம் ஏன் உறுத்தவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அதன் மூலமான ‘லாக்கப்’ நாவலை எழுதிய மு. சந்திரகுமார், போலீஸிடம் அடி வாங்கியவர். தன் உடம்பில் பட்டதை எழுதினார். அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இன்னொன்று, ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’. 2003-ல் வந்த கொரியப் படம். 1986-லிருந்து 1991 வரை ஹ்வாசங்கில் நடந்த கொலைகள். படம் எடுத்தபோது கொலைகாரன் யாரென்று தெரியாது. இயக்குநர் போங் ஜூன் ஹோ தெரிந்ததுபோல நடிக்கவில்லை. போலீஸ்காரர்கள் உளறுகிறார்கள், தடயத்தை மிதிக்கிறார்கள், கிடைத்தவனை எல்லாம் அடித்து ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்கள். பிடித்தபாடில்லை. 2019-ல் மரபணு மூலம் நிஜக் கொலைகாரன் யாரென்று தெரிந்தது. அதன்பிறகு தெரியவந்ததுதான் நெஞ்சை அடைக்கிறது. எட்டாவது கொலைக்காக ஒருவர் சுமார் இருபது வருடம் சிறையில் இருந்திருக்கிறார், செய்யாத குற்றத்துக்கு. போலீஸ் வதைத்து வாங்கிய வாக்குமூலம். படம் தியேட்டரில் ஓடிய நாட்களில்கூட அவர் உள்ளேதான் இருந்தார். 2020-ல்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. அந்தப் படத்திலும் கற்பனைப் பாத்திரங்கள்தான், ஜோடித்த காட்சிகள்தான். ஆனால் அந்தக் காவல் நிலையத்தில் என்ன நடந்திருக்கும் என்பதில் பொய் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதானப்பா.

இதை எடுக்கிறவர்கள் யாராவது படித்தால் ஒரே ஒரு விண்ணப்பம். எந்தப் பாத்திரம் கற்பனை என்று பெயர் சொல்லிப் போடுங்கள். பத்து நொடி போதும். அந்தப் பத்து நொடிக்கு மட்டும் திரையைச் சுருக்காதீர்கள். தும்தும் இசைகூட வேண்டாம்.

இன்று காலையில் எழுந்ததும் அம்மா முதல் வேலையாகக் கேட்டார். “அந்த இன்ஸ்பெக்டர் பொண்ணு இப்ப எங்கடா இருக்கா? புருஷன்கூடச் சேர்ந்துட்டாளா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டேன். மத்தியானம் ஃபோன் பண்ணியும் கேட்டுவிட்டார்.