‘பிரதர்’ என்றால் குருத்துவத் தேர்வில் தோற்றவரா?

“பிரதர் என்பவர் பாதிரியார் தேர்வில் தேறாதவர், ஃப்ரையர் அதற்கும் கீழ்ப்படி” என்று கத்தோலிக்கத் துறவிகளைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் தகவல் சிங்கப்பூர்த் தமிழ்க் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

‘ஃப்ராத்தேர்’ என்றால் லத்தீனில் சகோதரன். அது பழைய பிரெஞ்சில் ‘ஃப்ரேர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஃப்ரையர்’ ஆனது. ‘பிரதர்’ லத்தீனிலிருந்து வரவில்லை. ஜெர்மானியச் சொல், தூரத்து உறவுதான். இவை இரண்டும் துறவறச் சபை உறுப்பினரைக் குறிக்கும் பெயர்கள்; படிநிலைகள் அல்ல. புக்கிட் பாத்தோக் தூய மரியன்னை ஆலயத்திலுள்ள பிரான்சிஸ்கன் சபையினர் அனைவரும் ஃப்ரையர்களே; அவர்களில் குருக்களும் உண்டு. 1852இல் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ் பள்ளியில் கற்பித்த லசால் துறவறச் சபைச் சகோதரர்களோ குருவாகாமல் கற்பிப்பதையே அழைப்பாக ஏற்றவர்கள். தோல்வி எங்கே வந்தது?

குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. நம் பங்குகளில் குருவாகப் பயிலும் குருமாணவரையும் திருநிலைப்பாடு (குருப்பட்டம்) வரை ‘பிரதர்’ என்றே கூப்பிடுகிறோம். அவர் வேறு, துறவறச் சகோதரர் வேறு.

சரிபார்க்கத் துறவியின் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளைப் பாருங்கள். பிரான்சிஸ்கன் சபையினரின் ஓ.எஃப்.எம். என்பதில் ‘எஃப்’ ‘ஃப்ராத்ரும்’, அதாவது ‘சகோதரர்களின்’; முழுப்பொருள் ‘சிறிய சகோதரர்களின் சபை’. லசால் சகோதரர்களின் எஃப்.எஸ்.சி. என்பதிலும் முதலெழுத்து அதே சொல்தான். எந்த லத்தீன் அகராதியிலும் ‘ஃப்ராத்தேர்’ கிடைக்கும்.

அந்தத் தகவல் வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.